டெல்லியா, ஹைதராபாத்தா: ஊட்டச்சத்துப் படிப்புக்கு எந்த அரசு வேலை?

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்), டெல்லி: உணவுப் பாக்கெட்டில் என்ன அச்சிட வேண்டும் என்ற 2020 விதிகள் இங்கேதான் உருவாயின. தொழில்நுட்ப அலுவலர் பணிக்குப் போட்டித் தேர்வு உண்டு. பொறுமை அவசியம். உணவு எவ்வளவு ஆரோக்கியமானது என்று காட்ட, பாக்கெட்டின் முன்பக்கம் நட்சத்திரக் குறியீடு போடும் விதியின் வரைவு 2022-இல் வந்தது. நட்சத்திரம் போதாது, உப்பும் சர்க்கரையும் மிகுந்தால் எச்சரிக்கையே வேண்டும் என்று மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். இந்த இழுபறிக்குள் மக்கள் பக்கம் நின்று கோப்பு எழுதத் தெரிந்தவர்கள் தேவை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஹைதராபாத்: 1918-இல் நம் குன்னூரில் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆய்வாகத் தொடங்கியது. 2024 உணவு வழிகாட்டி இதன் உழைப்பு. ஆய்வில் ஊன்ற முனைவர் பட்டம் வரை படிக்கத் தயாராக இருங்கள்.

சட்டமும் எழுத்தும் பிடிக்கும் என்றால் தயங்காமல் டெல்லிக்குப் போங்கள். அங்கே திருத்தும் ஒரு வரி நாட்டின் எல்லாப் பெட்டிக்கடைகளுக்கும் போய்ச் சேரும்.