டேலி பிரைம் கோல்டு: வேலூர் வட்டாரத் தோல் கம்பெனிகளுக்கு ஏற்றதா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நாலைந்து கணினியில் ஒரே நேரத்தில் பில் போடும் கம்பெனிக்கு, டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளின் கோல்டு உரிமம்தான் சரி. சில்வர் உரிமத்தை ஒரே கணினியில்தான் ஓட்ட முடியும். மென்பொருள் உறுதியானது. தகராறெல்லாம் செட்டிங்கில்தான் வரும்.

மற்ற கணினிகளில் எஜுகேஷனல் மோடில் (உரிமம் கிடைக்காதபோது வரும் பழகுநர் நிலை) திறந்து, எல்லாத் தேதிக்கும் பில் போட விடவில்லையா? கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர், உரிமம் இருக்கும் சர்வர் கணினிக்குப் புது ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருக்கலாம்; பழைய முகவரியில் தேடும் மற்ற கணினிகளுக்கு உரிமம் கிடைக்காது. ஐபியை நிலையாக வையுங்கள். ஃபயர்வாலில் உரிமத் தொடர்பு போகும் 9999 போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி ஜிஎஸ்டி. சித்தூர் பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு மாநிலம்! அங்குள்ள பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) லெட்ஜரில் 'தமிழ்நாடு' என்று இருந்தால் ஐஜிஎஸ்டிக்குப் (வெளிமாநில விற்பனைக்கான வரி) பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (உள்மாநில விற்பனைக்கானவை) விழும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா. லெட்ஜரைத் திருத்தினால் மட்டும் போதாது. ஏற்கெனவே போட்ட பில்லில் பழைய மாநிலமே நிற்கும். பேக்கப் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பில்லாகத் திறந்து பார்ட்டி விவரத்தையும் வரியையும் மாற்றிச் சேமிக்க வேண்டும். இந்த இடத்தில் மென்பொருள் இன்னும் உரக்க எச்சரிக்கலாம். எனக்கு இது பெரிய குறைதான்.