ஏழு வருடமாக என் மைக்ராஸ்கோப்: தானாக இறங்கும் அந்தக் குழாய்

பக்கத்து ஊரில் பயாலஜி டீச்சராக இருக்கும் தோழி நேற்று போனில் கேட்டாள், "உன்கிட்ட இருக்கிற மைக்ராஸ்கோப்பையே எங்க லேபுக்கு அஞ்சு வாங்கலாமாடி?" ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இழுத்தேன். போன வாரம்தான் அது பழுது பார்த்து வந்திருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

2018-இல் சொந்தக் காசில் வாங்கியது. ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வரும் சாதாரண மாணவர் மாடல், அடியில் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி, மேலே கண் வைக்கும் 10 எக்ஸ் ஐபீஸ், பொருளுக்குப் பக்கத்தில் வரும் அப்ஜெக்டிவ் லென்ஸ் 10-இல் ஒன்று, 40-இல் ஒன்று. லென்ஸைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெங்காயத் தோலுக்கு ஒரு சொட்டு சாஃப்ரனின், கன்னத்துச் செல்லுக்கு ஒரு சொட்டு மெத்திலீன் நீலம், இரண்டிலும் உட்கரு பளிச்சென்று நிற்கும்.

பிரச்சினை, லென்ஸைத் தாங்கும் குழாய் தானாக இறங்குவது. ஃபோகஸ் வைக்கும் பெரிய திருகை விட்டுக் கையை எடுத்ததும் ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத இறக்கம்தான், ஆனால் 400 மடங்கில் ஒன்றிரண்டு மைக்ரான் நகர்ந்தாலே படம் கலங்கிவிடும். வெங்காயச் செல்லுக்கு இது பெரிய தொல்லை இல்லை, மறுபடி திருகிச் சரிசெய்துகொண்டு படம் வரைந்துவிடலாம். உயிர்ச் செயல் என்று பாடத்தில் எதைச் சொல்கிறோமோ அதைக் காட்டத்தான் முடியாது, ஏனென்றால் அது நடந்து முடிய நேரம் வேண்டும்.

ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து வைத்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் ஓரத்தில் உப்புத் தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சினால் சில நிமிடத்தில் ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கும். பிளாஸ்மா சிதைவு என்று பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது இதைத்தான். அந்தச் சில நிமிடத்தில் என் குழாய் மூன்று தடவை நழுவும், சுருங்குவது எப்போது ஆரம்பித்தது என்று ஒரு பிள்ளையும் பார்த்திருக்காது. கடைசியில் ஒருத்தன் திருகை இறுக்கிப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தன் பார்ப்பான், பிடித்தவனுக்குக் கை வலித்ததும் முறை மாறும். ஒரு நாள் 40 நேராக இறங்கி, டிக் என்று ஒரு சத்தம், கவர் ஸ்லிப் இரண்டாகப் போயிற்று. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு வந்த கோபத்தில் அன்று வகுப்பையே சீக்கிரம் விட்டுவிட்டேன்.

வாங்கிய கடையில் கேட்டதற்கு "மாணவர் மாடல்னா அப்படித்தான் டீச்சர்" என்றார்கள். அந்தப் பதிலை நம்பி இத்தனை வருடம் ஓட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. போன வாரம் மெக்கானிக் காய்ந்துபோன கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டார், இரண்டு பக்கத்துப் பெரிய திருகையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக ஒரு முறுக்கு முறுக்கினார், குழாய் நின்றுவிட்டது. பெட்டியோடு வந்த தாளில் இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

நின்ற குழாயில் நான் முதலில் வைத்தது ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை. இரண்டே அடுக்குச் செல், வெட்டவோ சாயம் போடவோ வேண்டாம். முதலில் எல்லாம் அசையாமல் இருந்தது. வெளிச்சம் பட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் நடுநரம்புக்குப் பக்கத்தில் ஒரு செல்லில், இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் ஒன்று நகர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் வரிசையாகச் சுவரை ஒட்டி ஒரே திசையில் சுற்ற ஆரம்பித்தன. ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் தரும் அந்தக் கண்ணாடிக்கு ஈடாக எந்த பல்பும் இல்லை என்று எனக்குத் தோன்றியது (நேர் வெயிலை மட்டும் வாங்கிவிடாதீர்கள், கண் போய்விடும்). எட்டாவது படிக்கும் என் பெண் பார்த்துவிட்டு, "இது இப்போ நடக்குதாம்மா?" என்று கேட்டாள்.

இவ்வளவு சொன்ன பிறகும், தோழி, இதை வாங்காதே. ஐந்து மைக்ராஸ்கோப்புக்கும் திருகு முறுக்கிக்கொண்டு நீ நிற்க வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் 40-இல் ஃபோகஸ் வைத்துக் கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் விலை பேசிக்கொண்டிரு, திரும்ப வந்து பார்க்கும்போது படம் கலங்கியிருந்தால் எழுந்து வந்துவிடு. என்னுடையதைக் கடனாகக் கேட்டாலும் தர மாட்டேன்.