வெடிக்குமா, வெடிக்காதா: ஒரு டெஸ்டிங் லேப் சேவை பற்றி

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. விஷயம் தெரிந்த ஆட்கள் இருக்கிற லேப்தான், பேக்கேஜ் போட்டு விற்கிற விதம்தான் சரியில்லை.

ஒரு வேதிப்பொருளுக்கு வெடிக்கும் குணம் இருக்கிறதா என்று முதல்கட்டமாகப் பார்த்துச் சொல்லும் ஸ்கிரீனிங் சேவை இது. ஹைதராபாத் பக்கம் மருந்து இன்டர்மீடியட் செய்கிற எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளிடம் இதற்கான வசதி கிடையாது, வெளியில்தான் கொடுத்தாக வேண்டும். நாங்கள் கொடுத்தது பென்ஸோட்ரையசோல் வளையம் உள்ள ஒரு சேர்மம். மூன்று நைட்ரஜன் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்ததுமே பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) வேலை செய்தவர்களுக்கு ஹெச்ஓபிடி, அதாவது 1-ஹைட்ராக்சிபென்ஸோட்ரையசோல், ஞாபகம் வரும். சர்வ சாதாரணமாக எல்லா லேபிலும் அலமாரியில் இருந்த ரீஏஜென்ட் அது. அதன் வெடிக்கும் குணங்களை அளந்து 2005-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இன்றைக்கு நீர் இல்லாத ஹெச்ஓபிடியும், எடையில் 20 சதவீதத்துக்கும் குறைவாக நீர் உள்ள ஹெச்ஓபிடியும் யுஎன் 0508 என்ற ஐ.நா. அபாயப் பொருள் எண்ணில் வெடிபொருளாகத்தான் போகும்.

இந்த லேபில் பிடித்தது, எடுத்த எடுப்பில் சாம்பிள் கேட்கவில்லை. ஸ்ட்ரக்சரைக் கேட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, அரை கிராமுக்கு மேல் அனுப்பாதீர்கள், அதுவும் எப்படி பேக் செய்வது, எந்த வகையில் அனுப்புவது என்று பேசிவிட்டு அனுப்புங்கள் என்றார்கள். வெடிக்குமோ என்று சந்தேகப்படும் பொருளைச் சாதாரண கூரியரில் போட்டுவிடச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அப்புறம் ஆக்ஸிஜன் பேலன்ஸ் கணக்கு. மூலக்கூறில் உள்ள கார்பனையும் ஹைட்ரஜனையும் முழுக்க எரிக்க அதனிடமே உள்ள ஆக்ஸிஜன் எவ்வளவு தூரம் போதும் என்று பார்ப்பது, போதாவிட்டால் மைனஸில் வரும். மைனஸ் 200-க்கும் கீழே போனால் கவலை குறைவு என்பது அபாயப் பொருள் சோதனைகளுக்கான யுஎன் கையேட்டில் உள்ள அளவுகோல்களில் ஒன்று. டிஎன்டிக்கு மைனஸ் 74, ஹெச்ஓபிடிக்கு மைனஸ் 160 வரும். இதை மட்டும் நம்பினால் கூத்துதான்: வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்துக்கு மைனஸ் 107 வரும், தண்ணீருக்குப் பூஜ்யம், அதாவது கணக்குப்படி தண்ணீர் அபாரமான வெடிபொருள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது நைட்ரோ, அசைடு, பெராக்சைடு, அடுத்தடுத்த நைட்ரஜன்கள் மாதிரி வெடிப்போடு தொடர்புள்ள அணுத் தொகுதிகள் இருக்கின்றனவா என்பதைத்தான். ரிப்போர்ட்டிலும் இதை ஒழுங்காக எழுதியிருந்தார்கள்.

கோளாறு டிஎஸ்சி என்ற வெப்ப அளவீட்டுச் சோதனையில். சில மில்லிகிராம் பொருளைச் சீராகச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பத்தைக் கக்குகிறது என்று அளப்பது. கரிமப் பொருள் சிதையும்போது கிராமுக்கு 500 ஜூலுக்கும் குறைவாக வந்தால், சந்தேகமான தொகுதி இருந்தாலும் பெரிய வெடிப்புச் சோதனைகளுக்குப் போக வேண்டாம் என்பது விதி. இவர்களுடைய 'பேசிக்' பேக்கேஜில் ஓட்டுவது மூடியில் ஊசித்துளை போட்ட அலுமினியம் பேனில் (சாம்பிள் வைக்கும் குட்டித் தட்டு)! சிதைவதற்கு முன்னாலேயே பொருளில் ஒரு பகுதி ஆவியாகித் துளை வழியே போய்விடும், ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சவும் செய்யும், அப்புறம் வரைபடத்தில் வெப்பம் வெளிவருவதைக் காட்டும் உச்சி சின்னதாகத்தானே இருக்கும். எங்களுக்கு வந்த முதல் வரைபடத்தில் உச்சிக்குச் சற்று முன்னால், வெப்பம் உறிஞ்சப்பட்டதைக் காட்டும் ஒரு பள்ளம் தெளிவாகத் தெரிந்தது, முடிவு 500-க்குக் கீழே. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பச்சைக் கட்டத்தில் 'வெடிப்புத் தன்மை இல்லை' என்று கொட்டை எழுத்தில் வேறு.

போன் செய்து கேட்டேன். எடுத்த அனலிஸ்ட் மழுப்பவில்லை, நீங்கள் சொல்வது சரிதான் சார் என்று ஒத்துக்கொண்டு, தங்கப்பூச்சு போட்ட, அழுத்தம் தாங்கும் மூடிய க்ரூசிபிளில் (குட்டிக் கிண்ணம்) மறுபடி ஓட்டிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. இந்த முறை 500-ஐத் தாண்டியது. பச்சைக் கட்டம் போய் 'மேற்கொண்டு சோதனை தேவை' என்று வந்தது. அந்த மனிதருக்காகத்தான் மூன்றரை. ஆனால் ஸ்ட்ரக்சரைப் பார்த்தே கிராம் கணக்கில் எச்சரிக்கத் தெரிந்தவர்கள், அதே பொருளுக்குத் துளை போட்ட பேனை ஏன் விற்கிறார்கள்? இந்த வேலைக்கு அந்த பேக்கேஜையே எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குறை, சாம்பிளில் நீர் எவ்வளவு இருந்தது என்று ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. ஹெச்ஓபிடி கதையே நீரின் அளவில்தான் இருக்கிறது. 1921-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்தில், இறுகிப்போன அம்மோனியம் சல்பேட் நைட்ரேட் உரக் குவியலை வெடிவைத்துத் தளர்த்துவது வழக்கமான வேலை, பல ஆயிரம் முறை ஒன்றும் ஆகவில்லை. உலர்த்தும் முறை மாறி உரத்தின் ஈரமும் அடர்த்தியும் வேறாகிவிட்டிருந்தன, அதே வழக்கமான வேலையில் குவியலே வெடித்துவிட்டது. எந்த நிலையில் இருந்த சாம்பிளைச் சோதித்தோம் என்று எழுதாத ரிப்போர்ட்டை நாளைக்கு வேறு பேட்ச் வரும்போது எதற்கு வைத்துக்கொள்வது?

500-க்குக் கீழே வந்தவர்களுக்கும் ஒன்று. அந்த எண் வகைப்படுத்துவதற்கு, ரியாக்டருக்கு அல்ல. கிராமுக்கு 400 ஜூல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், வெப்ப ஏற்புத்திறனை (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 2 ஜூல் என்று வைத்தாலே வெப்பநிலை 200 டிகிரி ஏறும். இந்த எச்சரிக்கை ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

கோனன் (மூடிய குழாயில் சூடாக்கிப் பார்ப்பது), கேப் டெஸ்ட் (பக்கத்து வெடியின் அதிர்ச்சியில் வெடிக்கிறதா என்று பார்ப்பது) மாதிரி பெரிய சோதனைகளை இவர்கள் செய்வதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். கேப் டெஸ்டில் ஒரு தடவை நிரப்பவே அரைக் கிலோ அளவுக்குப் பொருள் வேண்டும், அதனால் அதை யோசித்துக்கொண்டு போங்கள். விலை கொஞ்சம் தூக்கல், ரிப்போர்ட் சொன்ன தேதியில் வந்தது. கொடுப்பதாக இருந்தால் பேசிக் பேக்கேஜ் வேண்டாம், மூடிய க்ரூசிபிள் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள், நீர் அளவையும் அளந்து போடச் சொல்லுங்கள்.