4 வீல் டிரைவ்னு 2,85,000 வாங்கிட்டு, முன்சக்கரம் இழுக்காத டிராக்டரைத் தலையில கட்டின யார்டு

கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன், சவ்வாதுன்னு சரிவுல காடு வச்சிருக்கறவங்க யாராவது பழைய மினி டிராக்டர் தேடிட்டு இருந்தா, இதைப் படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. போனது 2,85,000 ரூபாய். லோன் இல்லை, ரொக்கம். வண்டி வாங்கப் போறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய பத்து விஷயத்தைக் கடைசியில வரிசையா போடறேன். முதல்ல ஏமாத்தின விதத்தைச் சொல்லிடறேன்.

ஆன்லைன்ல பழைய சாமான் வாங்கி விக்கற ஆப்ல வந்த விளம்பரம். போட்டது மலையடிவாரத்துக்குக் கீழே இருக்கற ஒரு பழைய டிராக்டர் யார்டு. பேர் எழுதலை, எழுதினா வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டறாங்க. விளம்பரத்துல இருந்தது இதுதான்: 24 எச்.பி., 4 வீல் டிரைவ், 2018 மாடல், சிங்கிள் ஓனர், 1,140 மணி நேரம், மலைத்தோட்டத்துல மட்டும் ஓடின வண்டி.

கொல்லிமலைச் சரிவுல எனக்கு இருக்கறது ரெண்டரை ஏக்கர். அதுக்கு நாலு சக்கரமும் இழுக்கற 4 வீல் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மேடு ஏர்றதுக்காக மட்டும் இல்லை. இந்த மாதிரி மினி டிராக்டர்ல பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். சரிவுல இறங்கும்போது பாரம் முன்னாடி சாயும், பின்சக்கரம் லேசாகும், பிரேக் மிதிச்சா லாக் ஆகி வழுக்கும். 4 வீல் லீவர் போட்டிருந்தா பின்னாடி பிடிக்கற பிரேக் ஷாஃப்ட் வழியா முன்சக்கரத்தையும் பிடிக்கும். மழை பேஞ்ச செம்மண்ல, மரவள்ளிக் காட்டுல பின்னாடி ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறிப் பொடியாக்கற கருவி) தூக்கிக்கிட்டு இறங்கும்போது உயிரைக் காப்பாத்தறது அந்த முன் ஆக்ஸில்தான். 2 வீல் வண்டியை விட கூடுதலா காசு கொடுக்கறது அதுக்குத்தான். யார்டுக்காரன் கை வச்சதும் அதுலதான்.

நம்ப வச்ச விதம் இருக்கே! கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அவனே செஞ்சு காட்டினான். "சைலன்சரைத் தொட்டுப் பாருங்கண்ணா, ஜில்லுன்னு இருக்கு, சூடு பண்ணி வைக்கலை"ன்னான். செல்ஃப் தட்டின உடனே ஸ்டார்ட். ஓடற என்ஜின்ல ஆயில் மூடியைக் கழட்டிக் காட்டினான், புகை தள்ளலை, பேக் கம்ப்ரஷன் இல்லை, அதாவது பிஸ்டன் பக்கம் தேஞ்சு காத்து கீழே கசியலை. டிப்ஸ்டிக்கை உருவி தன் உள்ளங்கையில துடைச்சு நீட்டினான், ஆயில் பொன்னிறம். நாலாவது கியர் போட்டு பிரேக்கை மிதிச்சு கிளட்ச்சை விட்டான், என்ஜின் டொக்குன்னு நின்னுச்சு, கிளட்ச் பிளேட் நல்லா இருக்குன்னு அர்த்தம். ரோட்டவேட்டரைத் தூக்கி என்ஜினை அணைச்சு வச்சான், டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு இன்ச் இறங்கலை. இதுல எதுவும் பொய் இல்லை. என்ஜின், கிளட்ச், லிஃப்ட் எல்லாம் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. தூண்டில்ல மாட்டின புழு அதுதான்.

4 வீலை மட்டும் சிமெண்ட் தரையில காட்டினான். லீவரைப் போட்டு ஒரு ரவுண்டு வந்து, "பாத்தீங்களா, முன்னாடி பிடிச்சு இழுக்குது"ன்னான். சிமெண்ட் தரையில பின்சக்கரம் தள்ளினாலே முன்சக்கரம் உருளத்தான் செய்யும், அதுல என்ன தெரியும்? மண்ணுல ஓட்டணும்னு கேட்டதுக்கு வந்த பதில் அப்படியே: "பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருவாருங்கண்ணா. நீங்க மலைக்கே கொண்டு போய் ஒரு வாரம் ஓட்டுங்க. பிடிக்கலைன்னா வண்டியை இங்கே நிறுத்திட்டு காசை எண்ணி வாங்கிட்டுப் போங்க. நானும் பண்ணயம் பண்றவன்தானுங்க." அந்த ஒரு வார வாக்குக்காகத்தான் 2,85,000 கை மாறுச்சு. ஆர்.சி.யில திருவாரூர்ப் பதிவான டி.என். 50 இருக்கேன்னு கேட்டதுக்கும் பதில் தயாரா இருந்துச்சு: ஓனருக்கு ஊர் திருவாரூர்தான், வண்டி நின்னது பச்சமலைத் தோட்டத்துலயாம்.

ஈரச் சரிவுல ஏத்தின முதல் நாளே குட்டு உடைஞ்சுது. பின்சக்கரம் ரெண்டும் குழி பறிக்குது, முன்சக்கரம் சும்மா நிக்குது. இறக்கத்துல பிரேக் மிதிச்சா வண்டி பக்கவாட்டுல வழுக்கிப் போய் கல்லுக்கட்டுல முட்டி நின்னுச்சு. அந்தக் கட்டு இல்லைன்னா அடுத்த பாத்தி ஏழடி கீழே.

முன் ஆக்ஸிலைப் பிரிச்சப்போ என்ன இருந்துச்சுன்னு விவரமா சொல்றேன், மத்த யார்டுலயும் இதே வேலை நடக்கலாம். கியர் பாக்ஸ்ல இருந்து ஒரு ஷாஃப்ட் முன் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கற கியர் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து ரெண்டு பக்கமும் அச்சு, அச்சோட முனையில பெவல் கியர் (சுத்தற திசையைத் திருப்பற சாய்வுப் பல் கியர்), அது வழியா சக்கரம். இந்த வண்டியில இடது பக்க பெவல் பினியன்ல, அதாவது அந்த ஜோடியில சின்ன கியர்ல, மூணு பல் இல்லை. ஒரு பக்கம்தானே போச்சு, இன்னொரு பக்கம் இழுக்குமேன்னு நினைக்காதீங்க. டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கமே எல்லாத்தையும் அனுப்பிடும். உடைஞ்ச பக்கத்து அச்சு சும்மா சுத்தும், சக்கரம் ரெண்டும் நிக்கும். ஒரு பக்கம் போனாலே முன் டிரைவ் மொத்தமும் போன கணக்குதான்.

ஆயிலை வடிக்கற ட்ரெயின் போல்ட்டைக் கழட்டினா கியர் ஆயில் கொட்டணும். ஒரு சொட்டு வரலை. ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிளறினா கருப்பு கிரீஸ், அதுக்குள்ள குந்துமணி அளவுல இரும்புத் துண்டு. பல் உடைஞ்ச கியர் கடகடன்னு சத்தம் போடும், சீல் போன ஹவுசிங் (கியர் இருக்கற கூடு) ஒழுகும். ஆயிலுக்குப் பதிலா கிரீஸை அமுக்கி விட்டா சத்தமும் வராது, ஒழுகவும் ஒழுகாது. தானா நடந்ததுன்னு சொல்லவே முடியாது. பிரிச்சவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியும், பெரிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் கிரீஸை அடைச்சு மூடியிருக்கான்.

மலைத்தோட்டத்து வண்டின்னதும் புளுகு. பெயிண்ட் அடிச்ச மட்கார்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கற சந்துல சுரண்டினா, காஞ்சு கெட்டியான கருஞ்சாம்பல் களிமண். மலையில எங்கேங்க களிமண் வயல்? பின்சக்கர ரிம்ல இரும்புச் சக்கரம் மாட்டின போல்ட் தழும்பு பளபளன்னு இருக்கு. டெல்டாவுல சேத்துழவு ஓட்டின வண்டி. சேத்துக்குள்ள அச்சு முங்கி ஓடினா ஆயில் சீல் வழியா தண்ணி போகும், ஆயில் பால் மாதிரி வெளுத்துடும், முதல்ல பேரிங் போகும், பேரிங் ஆடினா பல் சரியா கடிக்காது, கடைசியில உடையும். மீட்டர் 1,140 காட்டுது. கிளட்ச் மிதி ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கு, பின்னாடி டிரெய்லர் மாட்டற டிராபார் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கு. மீட்டரை மாத்தியிருக்காங்க, வேற என்ன?

டயர்லயும் ஒரு சங்கதி இருக்கு. அழகுக்காக முன்னாடி மட்டும் புது டயர் போட்டிருந்தாங்க, பின்னாடி 8.30-24 பாதி தேஞ்சது. 4 வீல் வண்டியில முன்சக்கரம் பின்சக்கரத்தை விட ஒண்ணுல இருந்து அஞ்சு சதவீதம் வரைக்கும் முந்திச் சுத்தற மாதிரிதான் கியர் கணக்கு போட்டிருப்பாங்க. முன்னாடி புதுசு, பின்னாடி தேஞ்சது இருந்தா முன்சக்கரம் அளவுக்கு மீறி முந்தும். ஈர மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கிக்கும், பரவாயில்லை. தார் ரோட்டுலயும் சிமெண்ட்லயும் வழுக்க இடமில்லாம மொத்த முறுக்கும் அந்த பெவல் பல்லு மேலயே விழும். புது கியர் போட்டாலும் இந்த டயரோட ஓட்டினா மறுபடியும் உடையும். நாலு டயரையும் கம்பெனி சொன்ன அளவுல சரிபண்ணணும், அது தனிச் செலவு.

இனி யார்டுக்காரன் பேசினதைக் கேளுங்க. முதல் போனுக்கு, "அண்ணா, எழுவது கொண்டை ஊசி ஏத்தியிருக்கீங்க, வழியில அடிபட்டிருக்கும்." வண்டி வந்தது லாரியிலன்னு சொன்னா, "அப்ப இறக்கும்போது தட்டியிருப்பாங்க." கிரீஸ் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, "பழைய ஓனர் போட்டிருப்பாருங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" அப்புறம் மெக்கானிக்கை அனுப்பறேன்னான், வரலை. முதலாளி ஊர்ல இல்லை, கணக்குப்பிள்ளை வரணும், ஆடி போகட்டும்னு இழுத்தான். ஒரு வாரத்துல திருப்பித் தரேன்னு சொன்னதை ஞாபகப்படுத்தினா, "பில்லுக்குப் பின்னாடி படிச்சீங்களா?"ங்கறான். பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப்: உள்ளது உள்ளபடி, ஓட்டிப் பார்த்துத் திருப்தி. காசை எண்ணி வாங்கினதுக்கு அப்புறம் உள்ளே எடுத்துட்டுப் போய்க் குத்திக் கொடுத்த ஸ்டாம்ப் அது! இப்போ நம்பரை பிளாக் பண்ணிட்டான். ஆப்ல புகார் கொடுத்தா, வாங்கறவருக்கும் விக்கறவருக்கும் நடுவுல நடக்கற பணப் பரிமாற்றத்துக்கு நாங்க பொறுப்பில்லைன்னு மெஷின் பதில் வருது. அதே விளம்பரதாரர் பேர்ல இப்பவும் நாலு வண்டி நிக்குது, ரெண்டுல மலைத்தோட்டத்து வண்டின்னு போட்டிருக்கு.

2,85,000 போக பெவல் கியர் செட், பேரிங், சீல், கூலி சேர்த்து 68,000 ஆகும்னு மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கார். டயர் அதுல சேரலை.

பத்து விஷயம்னு சொன்னேன், உக்காந்து எழுதற மனநிலை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கோங்க.

4 வீலைச் சோதிக்க என்ஜினே வேண்டாம். முன்சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில தூக்குங்க, பின்சக்கரம் தரையில இருக்கட்டும், ஹேண்ட் பிரேக், கியர், 4 வீல் லீவர் மூணும் போட்டிருக்கட்டும். ஒரு முன்சக்கரத்தைக் கையால சுத்துங்க. அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்தணும். சுத்தலைன்னா உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு, பேரம் பேசாம கிளம்பிடுங்க. ஜாக்கி போடக்கூடாதுன்னு சொன்னாலும் கிளம்பிடுங்க.

முன் ஹவுசிங் ரெண்டு பக்கமும் ட்ரெயின் போல்ட்டை லேசா தளர்த்தச் சொல்லுங்க. பழுப்பு ஆயில் சரி. வெள்ளையா வந்தா தண்ணி. ஒண்ணுமே வரலைன்னா கிரீஸ், இல்லைன்னா ஆயிலே இல்லை.

இறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டுப் பாருங்க, கியர் தானா நழுவினா அந்த வண்டி மலைக்கு ஆகாது. இடது, வலது பிரேக்கை லாக் போட்டு ஒண்ணா மிதிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும்.

அரசோட வாகனப் பதிவுத் தளமான பரிவாகன்ல வண்டி நம்பரைப் போட்டு லோன் நிலுவை இருக்கான்னு பாருங்க. இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) லோனை ஆர்.சி.யில இருந்து நீக்கற ஃபாரம் 35-உம் இல்லாம காசு கொடுக்காதீங்க. பேர் மாத்தறதுக்கான ஃபாரம் 29, 30 கையெழுத்து காசு கொடுக்கற அன்னைக்கே வாங்கிடுங்க. திருப்பி எடுத்துக்கறேன்னு சொன்னா அதை பில்லுலயே எழுதச் சொல்லுங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணியாச்சு. அடுத்தது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. கிரீஸோட பிரிச்ச ஹவுசிங், உடைஞ்ச பினியன், பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமா இருக்கு. சேலம், ஆத்தூர் பக்கம் 24 எச்.பி. வண்டிக்கு முன் ஆக்ஸில் பெவல் செட் பழசா, நல்ல நிலையில எங்கேயாவது கிடைக்கும்னா கமெண்ட்ல சொல்லுங்க. யார்டுல இருந்துன்னா வேண்டாம்.