டவ் சீசன் முதல் நாள்: 660 டாலர் கொடுத்துப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்த கதை

660 டாலர் போய்விட்டது. நாலு பேர், தலைக்கு 165. திங்கட்கிழமை, லேபர் டே அன்று விடிகாலை ஆறு மணிக்கு, சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு இரும்பு கேட்டுக்கு முன்னால் இருட்டில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு நின்றோம். இன்று வியாழன், இன்னும் கொதிப்பு அடங்கவில்லை, எழுத்து அங்கங்கே இழுத்துக்கொண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் இருக்கிற நம்மவர்களில் யாராவது இந்த வருஷம் முதல் முறையாக டவ் ஹன்டிங், அதாவது காட்டுப்புறா வேட்டை, போகலாம் என்று நினைத்தால், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தாத்தா கௌதாரிக்குக் கண்ணி வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அங்கே அதெல்லாம் பேச்சோடு சரி. இங்கே வந்து பார்த்தால் டவ் சீசன் தொடங்கும் செப்டம்பர் 1 ஒரு திருவிழா. ஆபீஸில் பாதிப் பேர் லீவு, மிச்சப் பேர் காலை வேட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வருவார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 15 டவ் வரை சுடலாம். நாலு பேருக்கு 60. என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மதியமே மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு எல்லாம் அரைத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். அந்த டப்பா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

டெக்சாஸ் நிலத்தில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தனியாருடையது. நினைத்த இடத்தில் போய்ச் சுட முடியாது. ஒரு விவசாயியிடம் அந்த நாளைக்கு மட்டும் வாடகை கொடுத்து, அவர் வயலோரம் உட்கார வேண்டும். டே லீஸ் என்பார்கள். சூரியகாந்தி வயல், மைலோ சோள வயல் என்றால் விலை கூடும். இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

நம்மவர்கள் வாங்குவதும் விற்பதும் நடக்கிற ஒரு குழுவில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். குழுவின் பெயரையோ ஆளின் பெயரையோ போடப் போவதில்லை, வக்கீல் நண்பர் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "கேட்டியிலிருந்து ஒரு மணி நேரம், முதல் நாள், சூரியகாந்தி வயல், எல்லாம் சேர்த்து 165." கேட்டி என்பது ஹூஸ்டனை ஒட்டிய ஊர். கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "வணக்கம்ணா, எந்த ஊருண்ணா நீங்க?" சொன்னேன். அவர் அம்மா ஊர் எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டராம். அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். அரை மணி நேரம் பேசியதில் இருபது நிமிடம் ஊர்க்கதை. நடுவில் நான் விதிமுறை பற்றி இரண்டு கேள்வி கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை வரி மாறாமல் எழுதுகிறேன்: "அண்ணா, ரூல்ஸ் எல்லாம் படிச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க. துப்பாக்கிய மட்டும் எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நான் ஒன்றும் அறியாதவன் இல்லை, எரிச்சலே அதில்தான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பாடம் படித்திருக்க வேண்டும், படித்து அட்டை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் 25 டாலர், அதோடு புலம்பெயர் பறவைகளுக்கான ஒப்புதல் 7 டாலர், வாங்கும்போது போன வருஷம் எத்தனை பறவை சுட்டாய் என்று கேட்டு ஹிப் என்கிற கணக்கெடுப்புச் சான்று போடுவார்கள், அதற்குக் காசு கிடையாது. போன வருஷத்து லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று செத்துப்போகும், செப்டம்பர் 1க்குப் புதிது வேண்டும். ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி ஒரு அடைப்பு போட்டிருக்க வேண்டும். எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது, அதாவது தெரிந்துகொள்ளச் சோம்பல் பட்டது, வரைபடம்.

டவ் சீசனுக்கு டெக்சாஸை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். வடக்கும் மத்தியும் செப்டம்பர் 1 அன்று திறக்கும். தெற்கில் வழக்கமான சீசன் செப்டம்பர் 14 அன்றுதான். அதற்கு முன்னால் வெள்ளைச்சிறகு டவ்வுக்கென்று சில தனி நாட்கள் உண்டு, அதுவும் நண்பகலிலிருந்து சூரியன் மறையும் வரைதான், காலையில் கிடையாது. எங்கள் பக்கத்தில் மத்திக்கும் தெற்குக்கும் எல்லைக் கோடு எது தெரியுமா? ஐ-10 நெடுஞ்சாலை. தினமும் ஆபீஸ் போய் வருகிற அதே ஐ-10. சாலைக்கு அந்தப் பக்கம் சுட்டால் வேட்டை, இந்தப் பக்கம் சுட்டால் குற்றம்.

அந்த விளம்பரக்காரர் எனக்கு அனுப்பிய "அதிகாரபூர்வ விதிமுறை" ஒரு ஸ்கிரீன்ஷாட். தேதி, 15 பறவை, சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து மறையும் வரை, எல்லாம் சரியாக இருந்தது. மத்திய மண்டலத்து வரியை மட்டும் வெட்டி எடுத்த படம் அது. கீழே இருக்கிற தெற்கு மண்டலத்து வரி இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று பதில் போட்டிருக்கிறேன். கட்டைவிரல் வேறு.

இன்னும் கேளுங்கள். எங்களில் ஒருவர் ஏப்ரல் கடைசியில்தான் நியூ ஜெர்சியிலிருந்து மாறி வந்தவர். ஆறு மாதம் ஆகாததால் அவர் டெக்சாஸ்வாசி கணக்கில் வர மாட்டார், வெளி மாநிலத்தவருக்கான லைசென்ஸ் வேண்டும். அதில் ஐந்து நாள் லைசென்ஸ் 48 டாலருக்கு இருக்கிறது, டவ்வுக்கு அது போதும், மேலே அந்த 7 டாலர் ஒப்புதல். நம்ம ஆள் என்ன சொன்னார்? "25 டாலர் லைசென்ஸே போதும்ணா, யார் பாக்கப் போறா." என் மச்சான் எச்-1பியில் இருக்கிறான். அவனுக்கு, "குரூப்புக்கு ஒரு லைசென்ஸ் காட்டினா போதும்" என்றார். இது அயோக்கியத்தனம். எச்-1பியில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் தொடுவதே மத்திய அரசுச் சட்டப்படி தடை, முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அவனைப் பொறுத்தவரை அந்தக் காகிதம் பறவைக்கு மட்டுமானதில்லை, அவன் விசாவுக்கும் சேர்த்துத்தான். நல்லவேளை, இவர்கள் இரண்டு பேரையும் நானே கடைக்குக் கூட்டிப்போய்ச் சரியான லைசென்ஸ் வாங்கவைத்தேன். அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது, மீதி வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை ஒரு வீடியோ வந்தது. வயலில் யாரோ வாளியிலிருந்து கோதுமையை அள்ளித் தூவுகிறார்கள். "உங்களுக்காகவே போட்டிருக்கேன்ணா, பறவை குவியும் பாருங்க." படித்த பாடத்தில் இதற்கென்று தனி அத்தியாயமே இருந்தது. இரை தூவிய இடத்தில் டவ் சுடக் கூடாது, தூவியதை முழுக்க அள்ளி எடுத்த பிறகும் பத்து நாள் அந்த இடம் இரை போட்ட இடமாகத்தான் கணக்கு. விவசாயி வழக்கமாக விதைப்பதும் அறுப்பதும் வேறு, அது பரவாயில்லை. வாளியில் கொண்டுவந்து கொட்டுவது வேறு. 1918ஆம் வருஷத்துப் புலம்பெயர் பறவைகள் சட்டத்தில் வருகிற விஷயம் இது, சுட்டவன் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால், தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு வீடியோவே வந்திருக்கிறது! அப்போதே போனை எடுத்துக் காசைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் நாள் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. 660 டாலரை வெள்ளிக்கிழமை இரவே, தனிப்பட்ட ஆட்களுக்குப் பணம் அனுப்புகிற ஆப்பில் அனுப்பியும் ஆகிவிட்டது. "நண்பர், குடும்பம்னு போட்டு அனுப்புங்கண்ணா, இல்லன்னா அவன் கமிஷன் புடிப்பான்" என்றார். போட்டேன். அண்ணன் ஆயிற்றே.

வயலின் இடம் ஞாயிறு இரவு 9:40க்குத்தான் வந்தது. காலை நாலே காலுக்குக் கிளம்பினோம். கேட்டியிலிருந்து ஐ-10இல் மேற்கே போய், சீலியில் இறங்கி இடது பக்கம் திரும்பு என்றது போன், திரும்பினோம். இடது பக்கம் என்றால் தெற்கு. நாலு பேரும் படித்தவர்கள், மூன்று பேர் எஞ்சினியர், ஒருவருக்கும் உறைக்கவில்லை. காரில் அந்த நேரத்தில் பிரியாணிக்குச் சீரக சம்பாவா பாஸ்மதியா என்று பெரிய விவாதம்.

ஆறு மணிக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. போன் செய்தால், "வந்துட்டே இருக்கேன்ணா, ட்ராஃபிக்." லேபர் டே காலை ஆறு மணிக்கு, அந்த வயக்காட்டில், ட்ராஃபிக். ஆறரைக்கு ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கியவர் அவர் இல்லை, எழுபது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், பக்கத்து நிலத்துக்காரர். எங்கள் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்தார், துப்பாக்கிப் பைகளைப் பார்த்தார். "இன்றைக்கு இங்கே என்ன செய்யப் போகிறீர்கள்?" டவ் என்றோம். "இது தெற்கு மண்டலம். பதினாலாம் தேதி வாருங்கள்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பதினாலாம் தேதியும் இங்கே வராதீர்கள், இந்த நிலத்தை வருஷக் குத்தகைக்கு வேறு ஆட்கள் எடுத்திருக்கிறார்கள்" என்றார். ஆக சீசனும் இல்லை, நிலமும் அந்த ஆளுடையது இல்லை. கேட் திறந்திருந்தால் உள்ளே போய்ச் சுட்டிருப்போம். மூடிய சீசனில், நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல், ஒருவேளை கோதுமை தூவிய இடத்தில். வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கிற அதிகாரி, கேம் வார்டன், வந்திருந்தால் என் மச்சான் கதி என்ன? அதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெரியவருக்கு ஒரு நன்றி கூட ஒழுங்காகச் சொல்லவில்லை, நாங்கள் நின்ற நிலை அப்படி.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காலை ஏழு மணிக்கு அந்த விளம்பரக்காரருக்கு நான் "அண்ணா". மண்டல எல்லை இந்த வருஷம் மாறிவிட்டதாம், அவருக்கே இப்போதுதான் தெரியுமாம். ஒரே தேடலில் பார்த்துவிட்டேன், பொய். மதியம் நான் "சார்" ஆகிவிட்டேன். "சார், இந்தத் தொழிலில் ரீஃபண்ட் கிடையாது, பறவை வருவதும் வராததும் இயற்கை." இயற்கையா பூட்டுப் போட்டது? மாலையில் "ப்ரோ, பதினாலாம் தேதிக்கு கிரெடிட் தரேன்." 660ஐயும் திருப்பிக் கொடு என்றதற்கு, "நீங்கதான் லேட்டா வந்தீங்க, கேட் அஞ்சரைக்குத் திறந்திருந்துச்சு." செவ்வாய்க்கிழமை காலை பதிலே இல்லை, மதியம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் அனுப்பிய ஆப்பில் புகார் செய்தால், நண்பருக்கு நீங்களே விரும்பி அனுப்பியது, எங்களால் ஆகாது என்று இயந்திரப் பதில். வங்கியும் அதே பாட்டு. குழுவை நடத்துகிறவரிடம் சொன்னால், "இரண்டு பேரும் நம்மவர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், குழுவில் சண்டை வேண்டாம்" என்கிறார். 660 டாலர் அவருக்குச் சண்டை. அவர் பையில் இருந்து போயிருந்தால் தெரியும்.

ஆபரேஷன் கேம் தீஃப் என்று வேட்டைக் குற்றங்களைச் சொல்வதற்கென்றே ஒரு தொலைபேசி சேவை டெக்சாஸில் இருக்கிறது, அங்கே வீடியோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். என் பணத்தை அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள், தெரியும். கோதுமைக்காவது பதில் சொல்லட்டும்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிடும் நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாக: பணம் கொடுக்கும் முன் வயல் எங்கே என்று கேட்டு, வரைபடத்தில் எந்த மண்டலம் என்று நீங்களே பாருங்கள், முந்தின இரவு சொல்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். காசு வாங்கி வேட்டைக்கு நிலத்தை விடுகிறவர் ஹன்டிங் லீஸ் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், அதன் எண்ணைக் கேளுங்கள். விதிமுறையை டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறையின் அவுட்டோர் ஆன்யுவல் என்ற விதிமுறைக் கையேட்டில் பாருங்கள், இலவசம், யாருடைய ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். தனியாரிடம் மாட்டவே வேண்டாம் என்றால் 48 டாலருக்கு வருஷப் பொது வேட்டை அனுமதி இருக்கிறது, அதில் டவ் வயல்களும் உண்டு, முதலிலேயே அதை வாங்கியிருந்தால் நாலு பேருக்கும் சேர்த்து 200 டாலர் கூட ஆகியிருக்காது. நண்பர், குடும்பம் என்று போட்டுப் பணம் அனுப்பாதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன் மனைவியின் கணக்கிலிருந்து அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. அதே சூரியகாந்தி, தேதியை 14 என்று மாற்றியிருக்கிறார், விலை 185. கீழே ஒருவர், "அண்ணா, மூணு பேருக்கு இடம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று பதில் போட்டேன், பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். அந்த மூன்று பேர் நீங்களாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், பூட்டிய கேட்டின் போட்டோ என்னிடம் இருக்கிறது.