மெய்நிகர் இயந்திரத்துக்குள் மெய்நிகர் இயந்திரம்: கேவிஎம்முடன் நான்கு ஆண்டுகள்

மெய்நிகர் இயந்திரங்களை இயக்கி மேலாளும் ஹைப்பர்வைசர் நிரல்களைச் சோதிப்பதற்காக, லினக்ஸ் கர்னலின் ஹைப்பர்வைசர் கூறான கேவிஎம்முடன் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இன்னொரு மெய்நிகர் இயந்திரத்தை நான்கு ஆண்டுகளாக அன்றாடம் இயக்கி வருகிறேன். வன்பொருளின் மேல் நேரடியாக ஓடும் கர்னலை எல்-0 என்றும், அதன்மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது கெஸ்ட்டை, எல்-1 என்றும், அந்தக் கெஸ்ட்டுக்குள் ஓடுவதை எல்-2 என்றும் அழைப்பது வழக்கம். அமைப்பது எளிது: இன்டெல் செயலிகளில் இவ்வசதி 4.20 கர்னலிலிருந்து இயல்பாகவே இயங்குநிலையில் இருக்கிறது. சிரமம் அதற்குப் பிறகுதான்.

செயலியின் வன்பொருளுக்கு ஒரே ஓர் அடுக்குதான் தெரியும். ஆகவே எல்-1 தன் கெஸ்ட்டுக்காகத் தயாரிக்கும் விஎம்சிஎஸ் கட்டுப்பாட்டுப் பகுதியை (கெஸ்ட்டின் நிலையும் அமைப்புகளும் செயலிக்காகப் பதியப்படும் நினைவகப் பகுதி), எல்-0 தன்னுடைய அமைப்புகளோடு இணைத்து மூன்றாவது ஒன்றை உருவாக்குகிறது. செயலி உண்மையில் இயக்குவது அதைத்தான். எல்-2-வில் நிகழும் ஒவ்வோர் எக்ஸிட்டும் (கெஸ்ட்டை நிறுத்திக் கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் தரும் நிகழ்வு) முதலில் எல்-0-விடமே வந்து சேரும். அது எல்-1-க்கு உரியது என்றால், வன்பொருளே அனுப்பியதுபோல் பாவித்து அங்கே ஒப்படைக்கப்படும். எல்-2-வில், செயலியின் விவரங்களைக் கேட்கும் சிபியுஐடி கட்டளையை ஒரேயொரு முறை இயக்கி, எல்-0-வின் நிகழ்வுப் பதிவான டிரேஸைப் பார்த்தேன். பழைய செயலியில் அந்த ஒரு வரிக்குப் பின்னால் விஎம்சிஎஸ்ஸை வாசிக்கும் விஎம்ரீட், மறுபடியும் விஎம்ரீட், இடையில் அதில் எழுதும் விஎம்ரைட், கடைசியில் கெஸ்ட்டை மீண்டும் ஓடவிடும் விஎம்ரெஸ்யூம் என்று எக்ஸிட்டுகள் வரிசை கட்டி நின்றன. 2013-இல் வெளியான இன்டெல்லின் ஹாஸ்வெல் தலைமுறையில், எல்-1 ஒரு நிழல் விஎம்சிஎஸ்ஸை நேரடியாக அணுக விடும் விஎம்சிஎஸ் ஷேடோயிங் வந்த பிறகு, அத்தகைய வாசிப்புகளில் பெரும்பாலானவை எக்ஸிட் இல்லாமலேயே முடிந்துவிடுகின்றன. பழைய கணினியை இப்பணிக்கு ஒதுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்-1-இல் ஒரு வசதி உண்டு என்று காட்டும் கொடி தெரிகிறது என்பதற்காக, அதன் பயனும் கூடவே வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. விஎம்ஃபங்க் கட்டளை வழியே இபிடி அட்டவணையை (கெஸ்ட்டின் நினைவக முகவரிகளை உண்மை முகவரிகளோடு பொருத்துவது) மாற்றும் வசதியின் நோக்கமே எக்ஸிட் இல்லாமல் மாற்றுவதுதான். ஆனால் கேவிஎம் இதை எமுலேட் செய்யும்போது, அதாவது மென்பொருளால் பாவனை செய்யும்போது, எல்-2-விலிருந்து எல்-0-வுக்கு எக்ஸிட் நிகழ்கிறது. எல்-1 வரை போவதில்லை என்பது மட்டுமே மிச்சம். என் நிரல் மெதுவாக ஓடியதற்குக் காரணம் என் நிரலே என்று நம்பி, இரண்டு நாள்களை இதில் வீணாக்கினேன். குறித்த நேரம் முடிந்ததும் கெஸ்ட்டை எக்ஸிட் ஆக வைக்கும் பிரியெம்ஷன் டைமரும் அப்படியே: எல்-1 பார்ப்பது வன்பொருள் டைமர், அதன் பின்னால் இயங்குவதோ எல்-0 கர்னலின் உயர்துல்லிய மென்பொருள் டைமர். நடத்தை சரியாகவே இருக்கும். நேர அளவீடுகளை மட்டும் நான் இங்கே எடுப்பதில்லை.

கணக்கீட்டுப் பணிகளில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ஐபிஎம் ஆய்வாளர்கள் இதே அடுக்கு மெய்நிகராக்கத்துக்கான தங்கள் டர்டில்ஸ் திட்டத்தைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பல பணிகளில் ஓரடுக்கு மெய்நிகராக்கத்தைவிட 6 முதல் 8 சதவீதம் வரையே கூடுதல் சுமை என்கிறது. வட்டும் வலையமைப்பும் மிகுதியாக இயங்கும் பணிகளில் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏஎம்டி கணினி ஒன்றில் எல்-2 ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்-1-ஐச் சேமித்து, மறுநாள் மீட்டெடுத்தேன். எல்-1 பேனிக் ஆகி, அதாவது மீளமுடியாத கர்னல் பிழையால், நின்றது. ஏஎம்டியில் இப்படிச் செய்யக் கூடாது என்று கர்னல் ஆவணம் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. படிக்காதது என் தவறு. இன்டெல்லில் 5.3 கர்னலும், மெய்நிகர் கணினியின் வன்பொருளைப் பாவனை செய்யும் கியூஎமு நிரலின் 4.2.0 பதிப்பும் சேர்ந்த நிலையிலிருந்து, எல்-2 ஓடும்போதே எல்-1-ஐ வேறொரு கணினிக்கு இடம்மாற்ற முடியும். இருந்தாலும் இன்று என் சேமிப்பு ஸ்கிரிப்ட், எந்தச் செயலியாக இருந்தாலும், எல்-2 முழுமையாக அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே எல்-1-ஐத் தொடுகிறது.