கேஸ் மாத்திரையை மாற்றுவதா, மெக்னீசியம் மாத்திரையைச் சேர்ப்பதா?

மன்னார்குடி பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பா, காலையில் பான்டோப்ரசோல் 40 என்ற கேஸ் மாத்திரை போடாமல் காபியைத் தொட மாட்டார். எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தது, மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டி வாங்கி வாங்கியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போன சம்பாவில் ராத்திரியானால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. சேற்றில் நின்றதுதான் காரணம் என்று பெரியம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்து, காபி ஆற்றும்போது பாதி டபராவுக்கு வெளியே போனது. ரத்தம் பார்த்தால் மெக்னீசியம் 1.1. ஏறத்தாழ 1.7-க்கு மேலே இருக்க வேண்டியது. கால்சியமும் இறங்கியிருந்தது, மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் அதையும் பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துவிடும். வழக்கமான டெஸ்டில் மெக்னீசியம் பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

அந்த ஒன்பது வருஷ மாத்திரைதான் மெக்னீசியத்தை இறக்கிவிட்டது. சரி, இனி என்ன செய்வது? பழைய மாத்திரையோடு மெக்னீசியமும் சேர்த்துப் போடுவது ஒரு வழி, அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபாமோடிடினுக்கு மாறுவது இன்னொன்று.

சேர்த்துப் போடுவதுதான் சுலபம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததும் அதுதான். ஆனால் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவதையே கெடுக்கின்றன என்றுதான் கருதுகிறார்கள். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் இதைப் பற்றி எச்சரித்தபோது, அவர்கள் பார்த்த நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதாமல் அந்த மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது என்றார்கள். நிறுத்தியபின் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அளவு சரியாகியிருக்கிறது, திரும்ப ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் மறுபடி இறங்கியிருக்கிறது. போதாததற்கு மெக்னீசியம் மாத்திரை அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், அதிலும் மெக்னீசியம்தான் வெளியே போகும்.

ஃபாமோடிடின் வேறு வகை மருந்து. அதற்கு மாறியவர்களுக்கு மெக்னீசியம் திரும்பியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை: அமிலத்தை அவ்வளவு அழுத்தமாக அடக்காது, தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் வேகம் குறையும், கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். பழையதைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் சில வாரங்களுக்கு முன்னைவிட மோசமாகப் பொங்கும். "பார்த்தியா, அது இல்லாமல் ஆகாது" என்று பலர் திரும்பப் போவது இந்த இடத்தில்தான். அதனால் 40-ஐ 20 ஆக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி இறங்குவது நல்லது.

பாட்டில் மருந்தாக வரும் ஜெல்லில் மெக்னீசியம் இருக்கிறதே, அதையே குடித்தால் என்ன என்று சித்தப்பா கேட்டார். எரிச்சலுக்கு அவசரத்துக்கு ஆகும். குறைபாட்டுக்கு அது வைத்தியமில்லை, கிட்னி நோயாளிக்கு ஆபத்தும்கூட.

என் ஓட்டு ஃபாமோடிடினுக்கு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்ந்து போடுபவர்கள், அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், மூட்டுவலி மாத்திரை விடாமல் எடுப்பவர்கள் தாங்களாகப் பழைய மாத்திரையில் கை வைக்கக் கூடாது. அவர்களுக்குக் குறைந்த அளவு, கூட மெக்னீசியம், அவ்வப்போது டெஸ்ட் என்றுதான் டாக்டர் பார்ப்பார். பிரஷருக்கு நீர் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸினோ எடுப்பவர்கள் டெஸ்ட்டைத் தள்ளிப்போடவே கூடாது. வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது வரை போகும் விஷயம் இது.

பெரியப்பாவுக்கு முதலில் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மெக்னீசியம் ஏற்றி, பிறகு மாற்றினார்கள். மூன்று வாரம் எரிச்சலில் எல்லோரையும் திட்டினார். இப்போது ராத்திரி ஒரு ஃபாமோடிடின், ஏழரைக்குள் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல். போன மாதம் 1.8. காபியை மட்டும் குறைக்கவில்லை, கேட்டால் "அதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லலையே" என்கிறார்.